பட்டாளத்தில் இன்னொரு கையெழுத்தா, இறங்கிவிடுவதா?

ஜனவரி பிறந்ததிலிருந்து ஒரே கேள்வி மூன்று பக்கத்திலிருந்து வந்துவிட்டது: மலேசியப் பட்டாளத்தில் சேவையை நீட்டிக்கக் கையெழுத்துப் போடுவதா, வேண்டாமென்று இறங்கிவிடுவதா?

முதல் ஆள் நிபோங் திபால் பையன், இப்போது தெற்கு லெபனானில் இருக்கிறார். ஐ.நா. அமைதிப்படையில் 2007-லிருந்து நம் ஆட்கள் மாறி மாறிப் போய்வருகிறார்களே, அதில் ஒரு சுற்று. இங்கே விடியற்காலை நாலு மணிக்கு வாட்ஸ்அப் அடிக்கிறது. "அண்ணே, ஃபார்ம் வந்துருச்சு. பன்னெண்டு வருசம் ஆச்சு. இங்க மலையில மழையும் குளிரும், போட்ட பூட்ஸ் காயவே மாட்டேங்குது. தைப்பூசத்துக்கும் வர முடியாது. போதும்னு தோணுது."

இரண்டாவது ஆள் கிழக்குக்கரையில் வெள்ள வேலையில் இருக்கிறார். நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. நம் பட்டாளத்துக்கு அதுதான் குளிர்காலம். இடுப்பளவு தண்ணீரில் படகு தள்ளிக்கொண்டு, பள்ளிக்கூடத்துத் தரையில் படுத்துக்கொண்டு, பதினேழாவது ஆண்டை ஓட்டுகிறார். மூன்றாவதாக எழுதியது ஒரு கோப்ரலின் மனைவி, பட்டர்வொர்த் பக்கம் குவார்ட்டர்ஸில் இருக்கிறார். கணவருக்குப் பத்தொன்பது ஆண்டு ஆகிவிட்டது, முழங்கால் போய்விட்டது. "அவர் வாயைத் தொறந்து சொல்லமாட்டார், நீங்க சொல்லுங்க மாமா" என்று எழுதியிருந்தார்.

மூவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி விரல் வலித்ததால் இங்கே மொத்தமாக எழுதுகிறேன். நான் 21 ஆண்டு முடித்து இறங்கிய லோரி டிரைவர். அதற்குப் பிறகு ஆறு வருடம் தொழிற்சாலை வாசலில் ஜாகா (காவலாளி). என் மனம் எந்தப் பக்கம் சாயும் என்பது இதிலேயே தெரிந்துவிடும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

## எதை வைத்து அளப்பது

சம்பளத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தவர்கள் பலரைப் பார்த்துவிட்டேன். கோபத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தவர்கள் அதைவிட அதிகம். நான் பார்க்கச் சொல்வது ஐந்து விஷயங்கள்.

முதலாவது, 21-க்கு இன்னும் எத்தனை. சாதாரண பதவிகளில் இருப்பவர்களுக்கு ஓய்வூதியம் 21 ஆண்டு சேவைக்குத்தான். இருபது ஆண்டு பதினோரு மாதத்தில் இறங்கினால் அது 21 ஆகாது. மீதி எல்லாக் கணக்கும் இந்த ஒரு கோட்டைச் சுற்றித்தான் ஓடும்.

இரண்டாவது உடம்பு. முழங்கால், முதுகு, காது. துப்பாக்கிச் சத்தத்தில் காது மந்தமாவது நாற்பதுக்கு மேல்தான் வீட்டாருக்குத் தெரியும், டிவி சத்தம் கூடிக்கொண்டே போவதை வைத்து.

மூன்றாவது வீடு. பிள்ளை எந்த வகுப்பு, மனைவிக்கு வேலை எங்கே, குவார்ட்டர்ஸை விட்டால் போக இடம் உண்டா.

நான்காவது கைத்தொழில். பட்டாளத்தில் என்ன செய்தீர்கள் என்பதை வெளியே யாரும் கேட்கமாட்டார்கள். தாள், அதாவது சான்றிதழ், இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்.

ஐந்தாவதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. அந்தச் சோர்வு எதன் மேல்? குளிரின் மேலா, வேலையின் மேலா, இல்லை கொடுத்த வாக்கைக் காப்பாற்றாதவர்கள் மேலா? மூன்றும் படுக்கும்போது ஒரே மாதிரிதான் வலிக்கும். ஆனால் மூன்றுக்கும் மருந்து வேறு.

## பனியில் வந்த தாள்

ஐந்தாவதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நானே அதில் மாட்டியவன்.

1993 கடைசியில் போஸ்னியாவுக்குப் போன மலேசியப் பட்டாலியனில் நானும் போனேன். கொஞ்ஞிட்ஸ், யாப்லானிட்சா என்று நெரெத்வா ஆற்றை ஒட்டிய மலை ஊர்கள். கெடாவிலும் பேராக்கிலும் காடு சுற்றிய எங்களுக்குப் பனி என்றால் பழைய ஐஸ்பெட்டியில் கட்டியிருப்பதுதான். ராத்திரியில் வண்டி உறைந்துவிடக்கூடாது என்று முறை வைத்து எழுந்து என்ஜினை ஓடவிட வேண்டும். பூட்ஸைக் கழற்றினால் காலையில் உள்ளே கால் நுழையாது, கழற்றாவிட்டால் காலே மரத்துவிடும். பொங்கலுக்கு நாங்கள் நாலு தமிழ்ப் பையன்கள் மெஸ் டின்னில் அரிசியும் பால்மாவும் சீனியும் போட்டுக் கிண்டினோம். பொங்கி வழிந்த நுரை டின்னுக்கு வெளியிலேயே கட்டியாகிவிட்டது. அதைப் பார்த்து ஒருவன் அழுதான், மற்ற மூன்று பேரும் சிரித்தோம்.

அந்த வாரம்தான் எனக்குச் சேவை நீட்டிப்புத் தாள் வந்தது. 'விருப்பமில்லை' என்று போட உட்கார்ந்தேன். பேனா எழுதவில்லை. மை இறுகிவிட்டது. அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது எங்கள் சார்ஜன் வந்தார், சித்தியவானில் பிறந்த மனுஷர். பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, குளிர்ல இருக்கறப்போ எதுலயும் கையெழுத்துப் போடாத. வேணாம்னும் போடாத, வேணும்னும் போடாத. ஊருக்குப் போயி, ரொட்டி சானாய் தின்னுட்டு, அப்புறம் போடு. தேதி எதுவரைக்கும் இருக்கு?" தேதி எனக்குத் தெரியவில்லை. அவரே தாளைத் திருப்பிப் பார்த்தார். நாலு மாதம் இருந்தது.

பட்டர்வொர்த் வந்து, மே மாத வெயிலில் வேர்த்து வழிந்துகொண்டு, 'விருப்பம்' என்று போட்டேன். அது சரியான முடிவா என்று இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த முடிவை நான்தான் எடுத்தேன், குளிர் எடுக்கவில்லை.

## ஒரே பார்வையில்

| | 21 வரை இருப்பது | இப்போதே இறங்குவது | சின்ன நீட்டிப்பு |
|---|---|---|---|
| மாதா மாதம் | நிச்சயம் | முதல் ஆண்டு ஆட்டம் காணும் | நிச்சயம், சில ஆண்டுக்கு |
| ஓய்வூதியம் | உண்டு | இல்லை | தள்ளிப் போட்ட கேள்வி |
| உடம்பு | தேய்மானம் தொடரும் | வேலையைப் பொறுத்தது | கொஞ்சம் தேயும் |
| குடும்பம் | இடமாற்றம், பிரிவு | சேர்ந்திருக்கலாம், வீடு தேட வேண்டும் | இரண்டும் கெட்டான் |
| மறைந்திருக்கும் செலவு | முழங்கால், பிள்ளையின் வயது | குவார்ட்டர்ஸ், கடன், மருத்துவம் | சும்மா கழியும் ஆண்டுகள் |
| யாருக்கு | 21-ஐ நெருங்கியவருக்கு | தாளும் தொழிலும் கையில் உள்ளவருக்கு | தேதி குறித்துத் தயாராகிறவருக்கு |

கட்டத்துக்குள் அடங்காதவைதான் அதிகம்.

## 21 வரை இருப்பது

இதன் லாபம் எல்லாருக்கும் தெரியும். பதினெட்டு வயதில் சேர்ந்தவர் 39 வயதில் ஓய்வூதியத்தோடு வெளியே வருவார். தனியார் வேலையில் அந்த வயதில் யாருக்கும் அது கிடையாது. கடைசிச் சம்பளத்தையும் சேவை செய்த மாதங்களையும் வைத்துக் கணக்குப் போடுவார்கள். பெரிய தொகையாக இராது, குடும்பத்தை அது மட்டும் தாங்காது. ஆனால் நின்று போகாது. நமக்குப் பிறகு மனைவிக்கும் வரும். அரசு மருத்துவமனைச் சலுகையும் சேர்ந்து வரும். ஐம்பது வயதில் சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று மாத்திரை வாங்க வரிசையில் நிற்கும்போதுதான் இதன் மதிப்பு தெரியும்.

நான் ஜாகா வேலைக்குப் போன முதல் மாதத்திலேயே இதைப் புரிந்துகொண்டேன். மேலாளர் கத்தினால், என் பக்கத்தில் நின்றவர் தலை குனிந்துகொண்டார். என்னால் நிமிர்ந்து நிற்க முடிந்தது. காரணம் வீரம் இல்லை. இருபத்தைந்தாம் தேதி வேறு ஒரு பணம் வரும் என்ற தெம்பு.

இனி மறைந்திருக்கும் செலவு. முதலாவது, உடம்பைப் பட்டாளம் தன் கணக்கில் எழுதிக்கொள்ளாது, அது உங்கள் கணக்குதான். முப்பத்தைந்துக்கு மேல் ஒவ்வொரு முறை மூட்டை தூக்கி ஓடும்போதும் ஓய்வூதியத்திலிருந்து கொஞ்சம் எடுத்து மருந்துக்கடைக்குக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பிள்ளைகள். என் மூத்தவள் தமிழ்ப்பள்ளியில் முதலாம் வகுப்பில் சேர்ந்தபோது நான் சபாவில் இருந்தேன். ஆறாம் வகுப்பு முடிவு வந்தபோதும் வெளியில்தான். நடுவில் இரண்டு முறை இடம் மாறினோம், அவள் மூன்று பள்ளிக்கூடம் பார்த்தாள். அதை ஓய்வூதியம் ஈடுகட்டுமா என்று என்னிடம் கேட்காதீர்கள், அவளிடம் கேளுங்கள். அவள் சொல்லும் பதில் மாதத்துக்கு ஒன்றாக மாறும்.

மூன்றாவது கொஞ்சம் நுணுக்கமானது. ஆயுதப்படை நிதி வாரியம், நாம் எல்.டி.ஏ.டி. என்று சொல்வது, 1972-லிருந்து நம் சம்பளத்தில் 10 விழுக்காட்டைப் பிடித்துச் சேர்த்து வருகிறது. அரசு தன் பங்குக்கு 15 போடுகிறது. அட்டையில் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு "இவ்வளவு இருக்கு" என்று கனவு காண்கிறவர்கள் உண்டு. ஓய்வூதியத்தோடு போகிறவருக்கும், இல்லாமல் போகிறவருக்கும் அரசுப் பங்கின் கணக்கு ஒன்றல்ல. இரண்டு நிலைக்கும் உங்கள் கைக்கு எவ்வளவு, எந்த மாதம் என்று சம்பளப் பிரிவில் எழுத்தில் வாங்குங்கள். கென்டீன் மேசையில் கேட்ட கணக்கை நம்பி வீட்டுக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

இந்த வழி யாருக்கு? ஐந்து ஆண்டுக்குக் கீழ் பாக்கி இருப்பவர்களுக்கு, உடம்பு ஒத்துழைத்தால், கண்ணை மூடிக்கொண்டு இதுதான். பதினேழு, பதினெட்டில் "மனசு வெறுத்துப்போச்சு" என்று இறங்கியவர்களில் பத்து வருடம் கழித்தும் அந்த முடிவு சரி என்று சொல்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

## இப்போதே இறங்குவது

இதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும், ஏனென்றால் இதைப் பற்றித்தான் அதிகம் பொய் பேசுகிறார்கள்.

பினாங்கில் இறங்குகிற பட்டாளத்தாருக்கு முதலில் திறக்கும் கதவு ஜாகா வேலை. பாயான் லெப்பாஸ் சுதந்திர வாணிப வட்டாரம் 1972-லிருந்து இருக்கிறது, பிறையிலும் தொழிற்சாலைகள் நிறைய. முன்னாள் பட்டாளம் என்றால் உடனே எடுத்துக்கொள்வார்கள். நாட்டின் குறைந்தபட்ச சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி (ரிங்கிட்). கையில் வருவது அதைவிட நன்றாகவே தெரியும், ஏனென்றால் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், வாரத்தில் ஆறு நாள். அதாவது 72 மணி நேரம். சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம், மீதி ஓவர்டைம். மாதக் கடைசியில் வரும் தொகையை மணிக்கணக்கால் வகுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் சந்தோஷப்படுங்கள். நான் வேலை செய்த ஒரு இடத்தில் ஓவர்டைம் கணக்கு நாலு மாதம் தொடர்ந்து குறைந்தே வந்தது. கேட்டால் "அடுத்த மாசம் சேத்துப் போடுறோம்" என்பார்கள். பட்டாளத்தில் சம்பளச் சீட்டைப் பார்க்கும் பழக்கமே நமக்குக் கிடையாது, அதுதான் பிரச்சினை. வெளியே வந்தால் ஒவ்வொரு மாதமும் பார்க்க வேண்டும். ஊழியர் சேமநிதியில் உங்களிடமிருந்து 11 விழுக்காடு, 5,000 வெள்ளி வரை சம்பளம் உள்ளவருக்கு முதலாளி 13 விழுக்காடு. அது கட்டப்பட்டதா என்று கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கதவு லோரி. பட்டாளத்தில் ஐந்து டன் ஓட்டினேன், பத்து டன் ஓட்டினேன் என்பது பிறையில் செல்லாது. சரக்கு லோரி ஓட்டுவதற்கான ஜி.டி.எல். உரிமம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. போஸ்னியாவில் பொங்கல் டின்னைப் பார்த்து அழுதவன் அடுத்த ஆண்டே இறங்கினான். இறங்குவதற்கு முன்பே உரிமம், ஃபோர்க்லிஃப்ட் சான்றிதழ் எல்லாம் எடுத்து வைத்துவிட்டான். ஐந்து வருடத்தில் சொந்த லோரி. பிள்ளைகள் ஒரே பள்ளியில் படித்தார்கள், மனைவி ஒரே வீட்டில் இருந்தாள். என்னைவிட நல்ல வாழ்க்கை வாழ்ந்தான் என்றே சொல்வேன். இப்போது அறுபதைத் தாண்டியும் ஓட்டுகிறான். நிறுத்தினால் வருமானமும் நின்றுவிடும். போன தீபாவளிக்கு வந்தவன், என் ஓய்வூதியம் எவ்வளவு என்று கேட்டான். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது தொழில்நுட்பம். ஏர்கோன், வெல்டிங், மின்சாரம். சுங்கை பூலோவில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசுக் கழகமான பெர்ஹெபாட் நடத்தும் பயிற்சி, இறங்கப்போகிறவர்களுக்கென்றே இருக்கிறது. ஒழுங்காகப் படித்து எஸ்.கே.எம். என்ற மலேசியத் தொழில்திறன் சான்றிதழைக் கையில் வைத்திருப்பவர் வேறு ஆள். அந்த மாதங்களை லீவு மாதிரி கழித்துவிட்டு, ஏர்கோன் பெட்டியைத் திறக்கத் தெரியாமல் வந்து நிற்பவர்களும் உண்டு. பயிற்சியைக் குறை சொல்வார்கள், குறை பெரும்பாலும் அங்கே இல்லை.

சிங்கப்பூர் போகலாமா என்றும் சிலர் கேட்பார்கள். அங்கே துணைப் போலீஸ் வேலைக்கு மலேசியர்களை எடுக்கிறார்கள், ஒரு சிங்கப்பூர் வெள்ளி நம் மூன்று வெள்ளிக்கும் மேல். ஆனால் பட்டாளத்தை விடுவதற்குக் காரணம் குடும்பத்தைப் பிரிந்திருப்பது என்றால், பினாங்கிலிருந்து சிங்கப்பூர் போவது அந்தக் காரணத்துக்கே கேலி.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது வீடு. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். இத்தனை வருடம் வாடகை என்ற ஒன்று கண்ணில் படாமல் இருந்திருக்கும். பாயா தெருபோங்கிலோ புக்கிட் மெர்தாஜாமிலோ வாடகை விசாரித்துவிட்டு வந்து பேசுங்கள். அரசு வீட்டுக் கடன் எடுத்திருந்தால், சேவையை விட்டதும் தவணை எப்படிக் கட்டுவது என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். அது சம்பளத்தில் பிடிக்கப்பட்டு வந்த கடன். சம்பளம் நின்றாலும் கடன் நிற்காது.

இன்னொன்று, வெளிநாட்டுப் பணியில் இருப்பவர்களுக்கு. ஐ.நா. பணியில் கிடைக்கும் படியைச் சேர்த்து "நான் இவ்வளவு சம்பாதிக்கிறேன், வெளியிலயும் சம்பாதிப்பேன்" என்று நினைப்பது. அது திரும்பி வந்ததும் போய்விடும் பணம். அதைச் சம்பளமாக எண்ணிக் கார் வாங்கியவர்கள் கதை எங்கள் ரெஜிமெண்டில் பெரிய கதை.

உடம்பு கெட்டதால் இறங்குகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஒப்பந்தம் முடிகிறது என்று சும்மா இறங்கிவிடாதீர்கள். முதலில் ராணுவ மருத்துவக் குழு முன்னால் போங்கள். பணியில் வந்த காயம் என்பதைச் சேவையில் இருக்கும்போதே பதிவு செய்ய வேண்டும். மருத்துவக் காரணத்தால் விடுவிக்கப்படுகிறவருக்கு இருக்கும் உரிமை, கையெழுத்துப் போடாமல் இறங்கியவருக்கு இருக்காது. "கோழைன்னு நெனைப்பாங்க" என்று மறைத்துவிட்டு, வெளியே வந்து ஐந்து வருடம் கழித்துத் தாள் தேடுகிறவர்கள் தமிழ் ஆட்களில் அதிகம். நானும் என் முழங்காலை மறைத்தவன்தான்.

## சின்ன நீட்டிப்பு

இரண்டு, மூன்று ஆண்டுக்கு மட்டும் போட்டுவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்பது. இதற்கு ஒரு பழைய கதை உண்டு.

1776 டிசம்பர் கடைசி, அமெரிக்கா, பிரிட்டிஷாருக்கு எதிரான சுதந்திரப் போர். வாஷிங்டனின் படையில் பெரும்பாலானவர்களுக்கு ஒப்பந்தம் டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிகிறது. 26-ஆம் தேதிதான் உறைபனியில் டெலவேர் ஆற்றைக் கடந்து டிரென்டனில் ஜெயித்திருக்கிறார்கள். காலில் செருப்பில்லாதவர்கள் அதில் பலர். தளபதி குதிரையில் வந்து, இன்னும் ஆறே வாரம் இருங்கள், பத்து டாலர் தருகிறேன் என்றார். சாதாரணச் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் ஆறே முக்கால் டாலருக்கும் கொஞ்சம் குறைவு, ஆக ஆறு வாரத்துக்கு ஆறு வாரச் சம்பளமே போனஸ். தம்பூர் அடித்தார்கள். ஒருவரும் முன்னால் வரவில்லை. அவர் திரும்பவும் வந்து, நீங்கள் களைத்துவிட்டீர்கள் என்பது தெரியும், இன்னும் ஒரு மாதம் மட்டும் என்று பேசிய பிறகு ஒருவர் இருவராக வந்தார்கள், அப்புறம் முக்கால்வாசிப் பேரும் வந்துவிட்டார்கள். அங்கே வரிசையில் நின்ற ஒரு சார்ஜன் பிற்காலத்தில் சொன்ன கதை இது. மூன்றே நாளில், ஜனவரி 3-ஆம் தேதி, பிரின்ஸ்டனில் ஜெயித்தார்கள்.

அந்த ஆறு வாரத்துக்கு முடிவுத் தேதி இருந்தது, எதற்காக என்பதும் தெரிந்தது. அதனால்தான் களைத்தவர்களும் ஒப்புக்கொண்டார்கள். சின்ன நீட்டிப்பு வேலை செய்வது அப்படித்தான். "மூன்று வருடத்தில் ஜி.டி.எல். எடுக்கிறேன், எஸ்.கே.எம். இரண்டாம் நிலை முடிக்கிறேன், பிள்ளை ஆறாம் வகுப்பு முடிக்கிறது, அப்புறம் இறங்குகிறேன்" என்று தாளில் எழுதி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியவருக்கு இது நல்ல வழி.

எழுதாதவருக்கு மோசமான வழி. பன்னிரண்டில் மூன்று, பதினைந்தில் மூன்று என்று போட்டுக்கொண்டே போய்ப் பதினெட்டில் வெறுத்து இறங்குவது, இரண்டு பக்கத்து நஷ்டத்தையும் வாங்கிக்கொள்வது.

அதே அமெரிக்கக் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. அந்தப் படையிலேயே பென்சில்வேனியா ரெஜிமெண்ட்களின் ஒப்பந்தத் தாளில் 'மூன்று ஆண்டு அல்லது போர் முடியும்வரை' என்று இருந்தது. மூன்று ஆண்டு ஆனதும் முடிந்தது என்று சிப்பாய்கள் படித்தார்கள். போர் முடிந்தால்தான் முடிந்தது என்று அதிகாரிகள் படித்தார்கள். சம்பளமும் பல மாதம் வரவில்லை. 1781 ஜனவரி 1-ஆம் தேதி, மோரிஸ்டவுன் குளிர்கால முகாமில், துப்பாக்கியோடு கிளம்பிவிட்டார்கள். எதிரி ஆள் அனுப்பி, எங்கள் பக்கம் வாருங்கள், பணம் தருகிறோம் என்றபோது அந்த ஆட்களைப் பிடித்துத் தங்கள் தளபதியிடம் ஒப்படைத்தார்கள். பேச்சுவார்த்தையில் சுமார் பாதிப் பேருக்கு விடுதலை கிடைத்தது. அவர்களில் பலர் பிறகு புது ஊக்கத்தொகையை வாங்கிக்கொண்டு மறுபடியும் சேர்ந்தார்கள்.

அவர்களுக்குப் பட்டாளம் அலுக்கவில்லை. கணக்குதான் அலுத்தது. மேலே ஐந்தாவது அளவுகோல் என்றேனே, அது இதுதான். உங்களுக்கு அலுத்திருப்பது ஒரு மேலதிகாரி என்றால், கிடைக்காத பதவி உயர்வு என்றால், வராத படி என்றால், அதற்கு மனு எழுதுங்கள், இடமாற்றம் கேளுங்கள். அதற்காக 21-ஐ விடாதீர்கள்.

வாக்குறுதி பற்றியும் ஒரு வார்த்தை. போர் முடியும்வரை இருப்பவருக்கு நூறு ஏக்கர் நிலம் என்றார்கள் அங்கே. பலர் அந்தச் சீட்டை அவசரத்துக்கு அடிமாட்டு விலைக்கு வியாபாரிகளிடம் விற்றார்கள். ஏழைச் சிப்பாய்களுக்கு மாதம் எட்டு டாலர் ஓய்வூதியம் என்று சட்டம் வந்தது 1818-இல், போர் முடிந்து முப்பத்தைந்து ஆண்டு கழித்து. நம் 21 ஆண்டு விதி எவ்வளவோ பரவாயில்லை என்று அதைப் படித்தபோது தோன்றியது.

## மூன்று பேருக்கும்

வெள்ளத்தில் நிற்கும் பதினேழு ஆண்டுக்காரருக்கு யோசிக்கவே ஒன்றும் இல்லை. நாலு வருடம், நாலு மழைக்காலம். போட்டுவிடுங்கள். அந்த நாலு வருடத்தில் வெல்டிங்கோ வேறொன்றோ படியுங்கள், ஜாகா நாற்காலி உங்களுக்கு ஒத்துவராது.

கோப்ரல் வீட்டம்மாவுக்கு: மகளே, அவர் இன்னும் இரண்டு வருடம் ஓட வேண்டியதில்லை, இரண்டு வருடம் இருந்தால் போதும். முழங்காலை மருத்துவரிடம் பதிவு செய்யச் சொல்லு. ஸ்டோர், அலுவலகம், முகாம் வாசல் என்று லேசான பணிக்கு மாற்ற வழி இருக்கிறது. மருத்துவக் குழு பார்த்து விடுவித்தால் அது வேறு கணக்கு, அதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். எப்படியானாலும் இந்த மாதம் அவர் தானாக 'விருப்பமில்லை' போட்டுவிடக் கூடாது. பேனாவை ஒளித்து வைத்தாலும் தப்பில்லை.

லெபனான் தம்பிதான் சிக்கல். பன்னிரண்டு முடிந்தது, ஒன்பது பாக்கி. ஒன்பது ஆண்டு சும்மா பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிற காலம் இல்லை, அது ஒரு பிள்ளை பிறந்து நாலாம் வகுப்புக்குப் போகிற காலம். இறங்கினாலும் தப்பில்லை, வயது முப்பதுதான், ரேடியோ, சிக்னல் வேலை தெரிந்தவர், பாயான் லெப்பாஸில் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் சான்றிதழ் ஒன்றும் கையில் இல்லை என்கிறார். அதனால் சின்ன நீட்டிப்பு அவருக்குச் சரிவரும் என்று நினைக்கிறேன், ஐஸ்பெட்டிக் கதவில் தாள் ஒட்டுவதாக இருந்தால் மட்டும். மனைவி என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "அவகிட்ட இன்னும் சொல்லல அண்ணே" என்றார். முதலில் அங்கே சொல்லச் சொன்னேன்.

தேதியைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். ஏப்ரல் கடைசி வரை இருக்கிறது. மார்ச்சில் திரும்புகிறார். பட்டர்வொர்த் ஃபெர்ரி பக்கத்தில் நாங்கள் பழைய ஆட்கள் ஞாயிறு காலையில் பசியாறும் கடை ஒன்று உண்டு, அங்கே மனைவியையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அதுவரை தாள் பையிலேயே இருக்கட்டும். பூட்ஸுக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து வைத்தால் ராத்திரியில் ஈரம் இழுக்கும் என்பதையும் எழுதி அனுப்பினேன். அதற்கு மட்டும் உடனே பதில் வந்தது.